அல்லிக்குச் சக்களத்தி

மதுரங்குளியில் இறங்குகிறவர்களைவிடக் கடந்து போகிறவர்களே அதிகம். கொழும்பு–புத்தளம் வீதி ஊருக்கு நடுவால் போகிறது. முந்தல் பக்கமிருந்து வரும் பஸ் சந்தியில் நின்று, நாலு பேரையும் இரண்டு மூட்டைகளையும் இறக்கிவிட்டுப் பாலாவிக்குப் புறப்பட்டுவிடும். ரயிலும் உண்டு. அதை நம்பிக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இல்லை. வீதிக்கு மேற்கே தென்னந்தோப்புகள், இறால் பண்ணைகளின் சதுரக் குட்டைகள், களப்பு, பிறகு மணல் திட்டு, அதற்கும் அப்பால் கடல். கடல் இங்கிருந்து தெரியாது. ஆனால் ஆடி மாதத்தில் அதன் காற்று சந்திவரை வந்து கடைப் பலகைகளை ஆட்டும். தேநீர்க்கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியின் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறுகையால் மாலு பனிஸ் எடுத்துக் கொடுக்கிறார்.

கடைக்குள் மூலை மேசை என்னுடையது. பேசாமல் இருப்பவனுக்கு இத்தகைய கடைகளில் ஒரு வசதி இருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வெளியூர்க்காரன் என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவன் இருப்பதே மறந்துபோகும்.

வாசல் பெஞ்சில் தேங்காய் யாவாரி நானா. வெள்ளைத் தொப்பி, சாரம், சட்டைப் பையில் கணக்குத் துண்டு. அறுபதை ஒட்டிய வயது. தோப்புக்காரர்களிடம் தேங்காய் வாங்கி லொறிக்கு ஏற்றுகிறவர். லொறி இன்னும் வரவில்லை. அவருக்கு எதிரே, தூணில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருப்பவள் உடப்புக்காரி. ஓலைப்பெட்டி நிறையக் கருவாடு. ஆடியில் மேற்குக் கடல் பொங்கிக் கிடக்கும், கரைவலை இழுக்க மாட்டார்கள். ஆண்கள் சிலர் தொழிலுக்குக் கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள். பெண்கள் முந்திக் காயவைத்ததை வீதியோர ஊர்களில் விற்பார்கள். இவள் புருஷனும் கிழக்கேதான் என்பது நானா கேட்ட முதல் கேள்வியிலேயே தெரிந்தது.

“மச்சான் காசு அனுப்பினாரா புள்ள?”

“கடல் அனுப்பினால்தானே அவர் அனுப்ப, நானா.”

அப்போதுதான் வான் வந்து நின்றது. கூரையில் நீளமான பைகள் கட்டியிருந்தன. காற்றில் பட்டம் விட்டு அலைமேல் சறுக்கும் விளையாட்டுக்கான சாமான். இந்தப் பருவத்தில் கற்பிட்டிக்குப் போகும் வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரிடமும் அது இருக்கும். மீனவனை வீட்டில் உட்காரவைக்கும் காற்றுக்காகவே இவர்கள் உலகத்தின் மறுகோடியிலிருந்து வருகிறார்கள். சாரதி நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களவர், கழுத்தில் சிலுவை. பின்கதவைத் திறந்து இறங்கினாள் ஒருத்தி. மாநிறம், சுருள்முடி, அகன்ற முகம். நானா அவளை ஒருதரம் பார்த்துவிட்டு, “மாலைதீவுக்காரியாக்கும்” என்றார். அவள் ஹவாய்க்காரி என்பது செவ்விளநீர் சீவி முடிவதற்குள் கடை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. ஹவாய் எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. சாரதி அமெரிக்கா என்றார். அவள் தலையை ஒரு தினுசாக ஆட்டினாள், ஆமென்றும் இல்லையென்றும் எடுத்துக்கொள்ளலாம்.

சாரதி கதை சொல்லியே பிழைப்பவர். வரும் வழியில் மாதம்பையில் தனிவெல்ல தேவாலயத்துக் குதிரைச் சிலைக்கு முன்னால் நிறுத்திக் காசு போட்டிருக்கிறார். வணங்காமல் தாண்டிப் போனவனின் குதிரை விழுந்து செத்த கதையை அங்கேயே சொல்லி முடித்திருக்கிறார். சிலாபத்தில் முன்னேஸ்வரத்தைக் காட்டி, இராவணனைக் கொன்ற பாவம் இராமனைத் துரத்திக்கொண்டு வந்து இந்த இடத்தில்தான் விட்டது என்றும் சொல்லியாயிற்று. இப்போது விஜயன் முறை. இளநீரைக் கையில் கொடுத்துவிட்டு, குதிரைமலை என்று வடக்கே கையை நீட்டி, உடைந்த ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். எழுநூறு ஆட்கள், ஒரு கப்பல். நாடு கடத்தப்பட்ட இளவரசன். கரையேறிக் களைத்து மண்ணில் கை ஊன்றியபோது உள்ளங்கையெல்லாம் செம்பு நிறம். நாய் ஒன்று வந்தது. நாய் இருந்தால் ஊர் இருக்கும் என்று அதன் பின்னால் போனவன் திரும்பவில்லை. அடுத்தவனும் திரும்பவில்லை. கடைசியில் விஜயனே போனான். அங்கே ஒரு மரத்தடியில் பெண்ணொருத்தி உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தாள்.

சொல்ல வந்ததைச் சாரதி அருமையாகச் சொன்னார். மகாவம்சம் ஏழாம் அத்தியாயத்தில் இந்தக் கதை இருக்கிறது. கிறிஸ்துவுக்குப் பின் ஐந்து, ஆறாம் நூற்றாண்டளவில் அநுராதபுரத்துப் பிக்கு ஒருவர் பாலியில் எழுதிய நூல் அது. புத்தர் பரிநிர்வாணம் அடைந்த அதே நாளில் விஜயன் இறங்கினான் என்று அது கணக்குக் கட்டுகிறது. அவன் ஆட்களின் கையில் கடவுள் கட்டிவிட்ட நூல் இருந்ததால் யக்ஷி குவேனியால் அவர்களைத் தின்ன முடியவில்லை என்றும், விஜயன் அவள் கழுத்தில் சுருக்குப் போட்டுத் தலைமயிரைப் பற்றி வாளை ஓங்கினான் என்றும் சொல்கிறது. நூற்றுக்கொண்டிருந்தவளைக் கட்டிய நூல் வென்றுவிட்டது. இறங்கிய இடம் குதிரைமலையா, அதற்குத் தெற்கா வடக்கா என்று அறிஞர்கள் இன்னும் இழுபறிப்படுகிறார்கள். சாரதிக்கு அந்தச் சந்தேகம் கிடையாது. அவர் விரல் நீட்டிய இடம்தான்.

நானா இதையெல்லாம் கேட்டும் கேளாததுபோல் இருந்தார். குதிரைமலை என்ற பேர் காதில் விழுந்ததும் கணக்குத் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“மல்லி, அது அல்லி ராணிட இடம்.” சிங்களத்தில்தான் சொன்னார், ராணியை மட்டும் தமிழில் விட்டுவிட்டு. “விஜயன் வர முந்தி அவ அங்க மாளிகை கட்டி இருந்தவ. முத்துக் குளிக்கிறது எல்லாம் அவட கையில. அரபுக்காரன் குதிரை கொண்டுவருவான், அவ முத்துக் கொடுப்பா. அதுதான் குதிரைமலை. பொறகு கடல் வந்து மாளிகையை எடுத்திட்டுது.”

“நீங்கள் பார்த்தீர்களா, நானா?” சாரதி சிரித்தார்.

“பார்த்தன். கடல்ல இருந்து பார்த்தன்.”

சாரதி இளநீர்க் குலையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். நானா தானாகவே சொன்னார், பெரிய விஷயம் எதையும் சொல்லாதவர்போல. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். மன்னார்த் தீவில் இருந்தவர்கள் கிடைத்த வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக்கு வந்தார்கள். அந்த வள்ளங்கள் ஒன்றில் இவரும் உம்மாவும் தங்கைகளும். விடியற்காலையில் இடது பக்கம் சிவப்பாக ஒரு மேடு தெரிந்ததாம். சின்னப் பிள்ளைகள் அழுதுகொண்டிருக்க, உம்மா அந்த மேட்டைக் காட்டி, அல்லி ராணி கதையைக் கற்பிட்டி வரும்வரைக்கும் நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டு வந்தாராம்.

“மாளிகைக்கு எத்தின வாசல் எண்டெல்லாம் சொன்னவ. அவவுக்கு எங்க தெரியும்? நான் இந்தா எண்டு நம்பிட்டன்.”

அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேறியவர்கள் எழுபத்தையாயிரம் பேர் அளவில் என்பார்கள். பெரும்பகுதி புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கியது. மதுரங்குளியைச் சுற்றிய சில குடியிருப்புகளின் வேர் அங்கே இருக்கிறது. நானாவின் குரலில் மன்னார் இன்னும் போகவில்லை.

குதிரைமலையைப் பற்றிய கதைகளில் அல்லி ராணியுடையது எழுதாக் கதை. எழுதிய கதையும் ஒன்று உண்டு. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியின் பிளினி எழுதியது. செங்கடலில் வரி வசூல் குத்தகை எடுத்திருந்த அன்னியஸ் பிளொகாமஸ் என்பவனின் பணியாள் அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் போகும்போது காற்று அவனை அடித்துக்கொண்டு போய், பதினைந்தாம் நாள் ஹிப்புரோஸ் என்ற துறையில் சேர்த்ததாம். அந்தத் தீவின் அரசன் ஆறு மாதம் உபசரித்து, பிறகு குளோடியஸ் பேரரசனுக்குத் தூது அனுப்பினானாம். அந்தக் கிரேக்கப் பெயரிலும் ஒரு குதிரை ஒளிந்திருப்பதால் அது குதிரைமலைதான் என்று ஒரு கட்சி உண்டு. எனக்கு அந்தக் கட்சியில் பெரிய பிடிப்பில்லை. ஆனால் அந்த மேட்டில் எவனோ ஒருவன் எப்போதும் காற்றால் அள்ளிவரப்பட்டு இறங்குகிறான் என்பது மட்டும் விட்டுப்போகாத செய்தி.

இதுவரை கருவாட்டுக்காரி வாய் திறக்கவில்லை. வெற்றிலையைக் கடைவாய்க்குத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

“அல்லி எங்களுக்குத் தெரியாதா நானா? எங்க அம்மனுக்குச் சக்களத்தி அவ.”

நானா திடுக்கிட்டுப் பார்த்தார். இத்தனை வருஷமும் தன் உம்மாவின் வள்ளத்தில் வைத்துக் காத்த ராணிக்கு இப்படி ஓர் உறவு முளைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அவள் சொன்னது சரியான கணக்கு. உடப்பில் பார்த்தசாரதியோடு வீற்றிருப்பவள் திரௌபதை அம்மன். இராமநாதபுரக் கரையிலிருந்து தம் முன்னோர் வள்ளமேறி வந்ததாக உடப்பார் சொல்வார்கள். ஆடியில் பதினெட்டு நாள் திருவிழா, முடிவில் தீமிதி. பாரதக் கதையோடு வளர்ந்த ஊர் அது. திரௌபதையின் புருஷர்களில் ஒருவன் அர்ச்சுனன். அர்ச்சுனனுக்குத் தமிழ்நாட்டுக் கதைப்பாட்டுக்காரர்கள் வியாசருக்குத் தெரியாத பெண்டாட்டிகளைக் கட்டிவைத்தார்கள். ஒருத்தி பவளக்கொடி. இன்னொருத்தி, ஆணின் நிழலே ஆகாதென்று மதுரையை ஆண்ட அல்லி. புகழேந்திப் புலவர் பேரில் வழங்கும் அல்லி அரசாணி மாலையில் அர்ச்சுனன் பாம்பாக மாறி அவள் பள்ளியறைக்குள் நுழைந்து, தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டிவிடுவான். விழித்தெழுந்தவளின் கோபம்தான் மீதிக் கதை.

“அவ மதுரையை ஆண்டவ எண்டெல்லோ சொல்லுறாய்” என்றார் நானா.

“ராணிக்கு ஒரு ஊர்தானா? முத்துக் குளிக்க இங்க வந்திருப்பா.”

நானா ஒப்புக்கொண்டார். தன் ராணிக்கு இன்னொரு ஊர் கிடைத்ததில் அவருக்கு நட்டமில்லை. சாரதிக்கு இது பிடித்துவிட்டது. விஜயனும் பிறகு கல்யாணத்துக்குப் பெண் கேட்டு ஆளனுப்பியது மதுரைக்குத்தான் என்று அவர் ஞாபகப்படுத்தினார். பாண்டியன் மகள் கப்பலேறி வந்தாள், எழுநூறு தோழர்களுக்கும் பெண்கள் வந்தார்கள், யானைகளும் தேர்களும் கைவினைக்காரரும் வந்தார்கள். பிறகு தன் பங்குக்குத் தலவில அன்னம்மாள் கோயிலையும் சேர்த்தார். மன்னாரிலிருந்து கொழும்புக்கு நடந்து போன ஏழைப் போர்த்துக்கீசன் ஒருவன் ஆலமரத்தடியில் தூங்கியதும், அன்னம்மாள் கனவில் வந்ததும், கப்பல் உடைந்து கரையேறியவனின் நேர்த்தி என்று சொல்லும் இன்னொரு வகையும். அவர் வருஷாவருஷம் ஆவணித் திருநாளுக்குக் குடும்பத்தோடு போய்த் தென்னந்தோப்பில் சமைத்துத் தங்குகிறவர்.

“அங்கயும் பொம்புள, அங்கயும் கப்பல்” என்றார் நானா.

ஹவாய்க்காரிக்குத் தன்னைச் சுற்றி ஏதோ நடக்கிறது என்று மட்டும் தெரிந்தது. சாரதி சுருக்கிச் சொன்னார். அவள் இளநீரைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் ஊரிலும் ஒருத்தி படகில்தான் வந்தாள் என்று தொடங்கினாள். அதிலிருந்து கொஞ்ச நேரம் அந்தக் கதை ஆங்கிலத்தில் புறப்பட்டு, சாரதியிடம் சிங்களமாகி, நானாவிடம் தமிழாகி, கருவாட்டுப் பெட்டியருகே வந்து சேர்ந்தது. வழியில் ஒவ்வொரு துறையிலும் கொஞ்சம் சரக்கு இறங்கியது, கொஞ்சம் ஏறியது. எனக்கு மூன்று மொழியும் காதில் விழுந்தது. வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அந்தக் கதை என் கதையாகப் போயிருக்கும்.

அவள் சொன்னது பெலேயின் கதை. எரிமலைக்குச் சொந்தக்காரி. அக்காள் நமாக்கா கடலுக்குச் சொந்தக்காரி. இருவருக்கும் பகை. பெலே பிறந்த ஊரை விட்டுப் படகில் கிளம்புகிறாள். அக்காள் புருஷனைக் கவர்ந்ததால் வந்த வினை என்று சில வீட்டார் சொல்வார்களாம். வழிகாட்டி அவளுடைய அண்ணன், சுறா உருவம் எடுப்பவன். கடைசித் தங்கை ஹியாகா இன்னும் பிறக்கவில்லை, முட்டையாக இருக்கிறாள். அந்த முட்டையைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றியபடி பெலே கடல் கடக்கிறாள். வடமேற்கே முதல் தீவில் இறங்கித் தன் கோலால் குழி தோண்டி நெருப்பை வைக்கப் பார்க்கிறாள். அக்காள் அலையாக வந்து அணைக்கிறாள். அடுத்த தீவு. அங்கும் அப்படியே. மாவுவி தீவில் இருவரும் மோத, பெலேயின் உடல் சிதறுகிறது. ஆவி மட்டும் தென்கிழக்கே கடைசித் தீவுக்குப் போய்க் கிலாவெயா மலையின் வாயில் குடியேறுகிறது. அங்கே கடல் எட்டவில்லை.

மண்ணியல்காரர்கள் இதைக் கேட்டால் ஒரு நிமிஷம் சும்மா இருப்பார்கள். ஹவாய்த் தீவுகள் வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழுந்தன. கவாயி தீவுக்கு வயது ஐம்பது லட்சம் வருஷத்தை ஒட்டி. எரிமலை இன்னும் விழித்திருக்கும் பெரிய தீவு பத்து லட்சத்துக்கும் குறைவு. பெலே நடந்த வழியும் அதே வழி. பாறையின் தேய்மானத்தைக் கண்ணால் பார்த்தே அந்த மக்கள் வரிசையைக் கண்டுபிடித்துக் கதையில் வைத்திருக்க வேண்டும்.

கருவாட்டுப் பெட்டியருகே இந்தக் கதை வேறு இடத்தில் சிக்கியது.

“சுறா அண்ணனா?” அவள் பெட்டியை எட்டிப் பார்த்தாள். கட்டாவுக்கும் நெத்தலிக்கும் நடுவே சுறாத் துண்டங்கள் கிடந்தன. “அப்ப அவங்க ஊருல சுறாக் கருவாடு போட ஏலாதே.”

இது நானா வழியாகவும் சாரதி வழியாகவும் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது ஹவாய்க்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து, உண்மையாகவே சில குடும்பங்களுக்கு அப்படித்தான் என்றாள். அங்கே முன்னோர் இறந்த பின் சுறாவாகவோ ஆந்தையாகவோ வந்து குடும்பத்தைக் காப்பார்கள், அந்தக் குடும்பம் அந்த உயிரைத் தொடாது. கருவாட்டுக்காரி அதைப் புதினமாக எடுத்துக்கொள்ளவில்லை. காக்கைக்குச் சோறு வைக்கிற ஊர்க்காரி அவள்.

அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. “நெருப்பம்மா எண்டா, தீ மிதிப்பாங்களா?”

மிதிப்பதில்லை, வரும் நெருப்புக்கு வழி விடுவார்கள் என்று பதில் வந்தது. 2018-இல் கிலாவெயா பெருகி எழுநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளை எடுத்தது. ஓடும் குழம்புக்கு முன்னால் சிலர் ‘டீ’ இலைகளை வைத்து வணங்கினார்கள். டீ என்பது அந்தத் தீவுகளில் வாசலோரம் வளர்க்கும் ஒரு செடி. சாரதிக்கு அது தேயிலையாகக் கேட்டது. தேயிலை என்றே நானாவிடம் வந்தது. நானா கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். கடைக்காரர் வடிகட்டித் துணியைப் பிழிந்தபடி, “நெருப்புக்குத் தேயிலை போட்டா டீதானே வரும்” என்றார். மூலை மேசை அப்போதும் பேசவில்லை.

அந்த மலையடிவாரத்துத் தேசியப் பூங்காவுக்கு வருஷந்தோறும் பொதிகள் வருமாம். பயணம் போனவர்கள் ஞாபகத்துக்கு எடுத்துப்போன எரிமலைக் கற்கள். வீட்டில் நோய், வேலை போனது, கார் முட்டியது என்று கடிதம் எழுதி, பெலேயிடம் மன்னிப்புக் கேட்டுக் கல்லைத் திருப்பி அனுப்புகிறார்கள். கல் எடுத்தால் சாபம் என்பது பழைய நம்பிக்கை இல்லை, பயணிகள் காலத்தில் கிளம்பிய கதை என்று சொல்பவர்களும் அங்கே உண்டு. உடப்புக்காரி கொஞ்சம் யோசித்தாள். தீக்குழிச் சாம்பலை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். அது நல்லது. அம்மனாகக் கொடுப்பது வேறு, நாமாக எடுப்பது வேறு என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். மொழிபெயர்க்க நானா முயன்று, பாதியில் விட்டுவிட்டார்.

பயணிகள் ஒரு கரையில் கேட்டதை எடுத்துப்போவதும் இதே மாதிரி வழக்கில் விழும். 1344-இல் இப்னு பதூதா புத்தளத்தில்தான் இறங்கினார். அவர் எழுதிய பட்டாளா இதுதான். ஆரியச் சக்கரவர்த்தி அங்கே இருந்தான், கரையில் கறுவாக் கட்டைகள் மலையாகக் குவிந்து கிடந்தன, முத்துகளை அரசன் எடுத்துக் காட்டினான். அதெல்லாம் அவர் கண்ணால் கண்டது. ஆதம் மலைக்குப் போகும் வழியில் அவர் காதில் விழுந்தது இன்னொன்று. குரங்குகளுக்குத் தலைவன் உண்டு, அது இலைகளால் தலைப்பாகை கட்டிக் கோல் ஊன்றி நிற்கும், மற்றவை அதன் ஏவலுக்கு நடக்கும். இதை அவருக்குச் சொன்னவர்கள் சொல்லிவிட்டு எத்தனை நேரம் சிரித்தார்களோ. அவர் அச்சுப்பிசகாமல் எழுதிவைத்தார். எனக்கு அவரைப் பிடிப்பதே அதனால்தான்.

சாரதி புறப்பட ஆயத்தமானார். ஹவாய்க்காரி எழும்பவில்லை. அவளுக்கு ஒன்று விடுபட்டுப் போயிருந்தது. விஜயன் கப்பலில் வந்தான். மதுரைப் பெண்ணும் கப்பலில். போர்த்துக்கீசன் கப்பலில். இந்தப் பெரியவர் வள்ளத்தில். கருவாட்டுப் பெண்ணின் பாட்டன்மாரும் வள்ளத்தில். “அந்த நூல் நூற்ற பெண் எந்தப் படகில் வந்தாள்?”

படகில் வந்து இறங்கியவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்த குலத்துக்காரியின் கேள்வி அது. அந்தக் கரைகளில் ஒருவரைத் தெரிந்துகொள்ள முதலில் கேட்பது இதைத்தான்.

“படகு இல்லை” என்றார் சாரதி. “அவள் இங்கேயே இருந்தாள்.”

“பிறகு?”

“பிறகு... காட்டுக்குப் போய்விட்டாள்.”

அதைச் சொல்லும்போது அவர் வான் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். காட்டுக்குப் போனாள் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லும் முடிவு. மகாவம்சத்தில் இருப்பது அதுவல்ல. தன் சனத்தைக் காட்டிக்கொடுத்து, அவர்களுடைய ஊரை வெல்ல வழி சொல்லி, விஜயனுக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றவளை, பாண்டியன் மகள் வருகிறாள் என்றதும் அவன் போகச் சொல்கிறான். பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு அவள் பழைய ஊருக்குள் நுழைகிறாள். ஒற்றறிய வந்தவள் என்று எண்ணி ஒருவன் ஒரே அடியில் கொன்றுவிடுகிறான். பிள்ளைகளை மாமன் மலைநாட்டுக்கு ஓடச் சொல்கிறான். விஷயம் அங்கே முடியவில்லை. கண்டிச் சீமையில் கொஹொம்ப கங்காரிய என்று இரவு முழுதும் ஆடும் சடங்கு ஒன்று உண்டு. விஜயன் குவேனிக்குச் செய்த சத்தியத்தை முறித்ததால் விழுந்த தோஷம், அவனுக்குப் பின் வந்த பண்டுவாசுதேவனைத் தீராத நோயில் கிடத்தியதாம். அதைத் தீர்க்க நடந்த முதல் ஆட்டத்தின் வழிவந்தது அது என்பார்கள். இன்றைய கண்டி நடனத்துக்கு மூலமே இந்தச் சடங்குதான். உள்நாட்டு விழாக்களிலும் வெளிநாட்டு மேடைகளிலும் வெள்ளிக் கிரீடம் கட்டி ஆடுகிறவர்களின் காலடியில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்துத் தவறிய வாக்கு கிடக்கிறது. சடங்குக்காரர்கள் மறக்காததைப் பாடப்புத்தகம் இரண்டு வரியில் தாண்டிவிடுகிறது.

ஹவாய்க்காரி தன் ஊரிலும் அப்படிச் சிலர் உண்டு என்றாள். மெனெஹுனே. குள்ளமானவர்கள், காட்டுக்குள் இருப்பவர்கள், ஒரே இரவில் மீன்குளமும் வாய்க்காலும் கட்டிவிட்டு விடியுமுன் மறைபவர்கள். கவாயி தீவில் அவர்கள் கட்டியதாகச் சொல்லும் மீன்குளத்தைப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். அவ்வளவுதான் அவள் சொன்னது. அவள் சொல்லாத ஒன்று என் ஞாபகத்தில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கவுமுவாலி அரசனின் காலத்தில், அந்தத் தீவில் எடுத்த குடிக்கணக்கில் வைனிஹா பள்ளத்தாக்கைச் சேர்ந்த 65 பேர் தம்மை மெனெஹுனே என்றே பதிந்திருக்கிறார்கள். குள்ளப் பூதமாகக் கதையில் சுருங்கிப்போனவர்கள் கணக்கெடுக்க வந்தவனுக்கு முன்னால் வந்து நின்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். இங்கே யக்ஷர்களிடம் யாரும் அப்படி ஒரு பதிவேட்டை நீட்டவில்லை. வில்பத்துக் காட்டுக்குள் சில கற்றூண்களைக் காட்டிக் குவேனி மாளிகை என்பார்கள். அத்தோடு சரி.

“குவேனிய நாங்க கும்பிடுறதில்ல” என்றாள் கருவாட்டுக்காரி, யாரும் கேட்காமலே. “ஆனா பாவம். அவளும் ஒரு சக்களத்தியாலதான் போனா.”

நானா சிரித்தார். “உனக்கு எல்லாம் அங்கதான் போய் நிக்கிது.”

“கிழக்குக் கரைக்குப் புருஷனை அனுப்பிட்டு இருக்கிறவளுக்கு வேற என்ன நினைப்பு வரும்?”

இது மட்டும் மொழிபெயர்க்கப்படவில்லை. நானா வாயை மூடிக்கொண்டார். சாரதிக்கு எட்டியிருந்தாலும் அவர் காட்டிக்கொள்ளவில்லை.

ஹவாய்க்காரி எழும்பிக் கால் கிலோ நெத்தலி வாங்கினாள். சுறா வேண்டாம் என்று கையால் தள்ளினாள், சிரித்துக்கொண்டே. குளிரூட்டிய வானுக்குள் கருவாட்டை வைத்தால் கற்பிட்டிவரை நாறும் என்று சாரதி சண்டை பிடித்துப் பொதியைக் கூரைமேல் பட்டப் பைகளுக்கு நடுவே கட்டினார். குதிரைமலைக்குப் போக முடியுமா என்று அவள் கேட்டாள். வில்பத்துப் பூங்காவுக்குள்ளால் போகவேண்டும், ஜீப் வேண்டும், டிக்கெட் வேண்டும், முழுநாள் போகும் என்று விலைப்பட்டியல் வாசித்தார் சாரதி. நானா குறுக்கிட்டார். கற்பிட்டியில் வள்ளம் பிடித்துக் கடலால் போனால் இன்னும் நல்லாத் தெரியும் என்றார். “வலது பக்கம் பார்க்கச் சொல்லு மல்லி. நாங்க வரக்க இடது பக்கம். போகக்க வலதுதானே.”

வான் போன கையோடு நானாவின் லொறி வந்தது. அவர் தேங்காயை எண்ணப் போய்விட்டார். எண்ணுகிறவரிடம் ராணியைப் பற்றி யாரும் பேச முடியாது.

சிலாபம் போகும் பஸ் வந்து நின்றது. கருவாட்டுக்காரி பெட்டியைத் தூக்கிப் படியில் வைத்தாள். நானும் பின்னால் ஏறினேன். பெட்டிக்கும் காசு வேண்டும் என்றான் கண்டக்டர். பத்துலுஓயாவில் இறங்குகிறவளுக்குப் பெட்டிக்குத் தனி டிக்கெட்டா என்று அவள் சத்தம் போட்டாள். ஆள் நிற்கிற இடத்தைப் பெட்டி பிடித்தால் அதுவும் ஆள்தான் என்றான் அவன்.

“ஆரு பெட்டிக்குள்ள?”

“அண்ணன்” என்றாள் அவள்.

கண்டக்டருக்கு விளங்கவில்லை. இரண்டு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினான். அவள் ஒன்றுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு, பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள்.